அரிய நோயும் பொது நீதியும்

நீதியைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் நம் மனக்கண்முன் நிற்பது பெருந்தொகை. பசித்திருக்கும் கோடிக்கணக்கானோர், நிலமற்ற உழவர், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளர் என்று பேசிப் பழகிய நாவு நம்முடையது. அப்பழக்கத்திற் குற்றமில்லை. பெரும்பாலோரின் துன்பத்தைக் காணாத அறவுணர்ச்சி அறவுணர்ச்சியே அன்று. ஆனால், தொகை சிறுத்துக்கொண்டே போய், ஒரு மாவட்டத்துக்கு ஒருவர் இருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டால், அங்கும் நம் நீதியுணர்ச்சி விழித்திருக்குமா? நாட்டின் கையிருப்புக் குறைவாயிருக்கும் காலத்தில், மிகச் சிலருக்கே வரும் நோயொன்றை உடையவர் அக்கையிருப்பிலிருந்து தம் பங்கைக் கேட்பது நியாயமா? இந்தக் கேள்வியை நாம் பொதுப்படப் பேசிக் கலைவதைவிட, ஒரு நோயை எடுத்து, அந்நோயிலும் ஓர் உறுப்பை எடுத்து, அதன் வழியாகச் சென்று விடை தேடுவோம். நோய் சிஸ்டிக் பைப்ரோசிஸ். உறுப்பு எலும்பு.

இந்நோயை முதன்முதலில் தனி நோயாக விரிவாக வரையறுத்தவர் டொரதி அன்டர்சன் என்னும் அமெரிக்கப் பெண் வைத்தியர். ஆண்டு 1938. உடலின் கலங்கள் தம் சுவரினூடாக உப்பையும் நீரையும் கடத்துவதற்கு ஒரு புரதம் வாயில்போல் உதவுகிறது. அப்புரதத்தை ஆக்கும் மரபணு பழுதுபட்டால் வாயில் அடைபடுகிறது. சளி இறுகிக் கெட்டியாகிச் சுவாசப்பையின் குழாய்களை அடைக்கிறது. அங்கே கிருமிகள் குடியேறுகின்றன. சதையியின் நாளங்களும் அடைபடுவதால், உணவிலுள்ள கொழுப்பைச் சமிக்கச் செய்யும் நொதியங்கள் குடலை வந்தடைவதில்லை. பிள்ளை நிறைய உண்ணும். உண்டது உடலிற் சேராது. ஓயாத இருமல், எண்ணெய்ப் பசையான மலம், தேறாத உடம்பு, இவற்றோடு இன்னுமோர் அடையாளம் உண்டு: வியர்வையில் உப்பு மிகுந்திருக்கும். 1948இல் நியூயோர்க் நகரை வெப்ப அலை தாக்கியபோது, வெம்மை தாளாது துவண்டு வைத்தியசாலைக்கு வந்த குழந்தைகளிற் குறிப்பிடத்தக்க தொகையினர் இந்நோயுடையோராக இருந்தனர். அவதானம் ஆராய்ச்சியாகி, 1953இல் போல் டி சாந்த் ஆக்னீஸ் என்பார் வியர்வையின் உப்பே நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று நிறுவினார். 1959இல் வியர்வையைச் சேகரித்து அளக்கும் முறை செம்மையாயிற்று. மரபணு கண்டுபிடிக்கப்பட்டது 1989இல்.

இனி எலும்புக்கு வருவோம். எலும்பு ஒருமுறை கட்டி முடித்துவிட்ட தூண் அன்று. நாள்தோறும் ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் கட்டப்பட்டு வரும் உயிருள்ள பொருள் அது. பிள்ளைப்பருவத்திலும் பூப்புப் பருவத்திலும் கட்டுதல் மிகும். இருபதுகளின் நடுவிலோ முடிவிலோ அது உச்சத்தை எட்டும். பின்னர் மெல்லமெல்லக் கரைதலே மிகும். பெரும்போகத்தில் நெல்லைச் சேர்த்து வைக்காத குடும்பம் பஞ்சமாதங்களில் படும் பாட்டை நெல்வயல்கள் சூழ்ந்த அம்பாறை மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. எலும்பின் பெரும்போகம் இளமை. சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயோ அந்த அறுவடைக் காலத்திலேயே பல வழிகளிற் களஞ்சியத்தைக் கொள்ளையிடுகிறது.

கொழுப்பு சமிக்காதபடியால் கொழுப்பிற் கரையும் விற்றமின் டி, விற்றமின் கே என்பன உடலிற் சேர்வதில்லை. விற்றமின் டி குறைந்தால் கல்சியமும் தங்குவதில்லை. சுவாசப்பையில் ஓயாது கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, எலும்பைக் கரைக்கும் கலங்களைத் தூண்டிவிடுகிறது. அழற்சியை அடக்கக் கொடுக்கும் ஸ்டீரொய்ட் மருந்தும் எலும்பையே தின்கிறது. உடல் எடை குறைவு, பூப்புத் தாமதம், நோயோடு கூடி வரும் நீரிழிவு, மூச்சு வாங்குவதால் ஓடியாட இயலாமை ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேருகின்றன. பழுதுபட்ட அதே புரதம் எலும்பின் கலங்களிலும் இருக்கவேண்டியது என்பது 2007இல் காட்டப்பட்டது. ஆகவே எலும்பு வெளியிலிருந்து மட்டுமன்றி உள்ளிருந்தும் தாக்கப்படுகிறது.

விளைவு என்ன? வயதுவந்த நோயாளரைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியான கணிப்பின்படி, அவர்களில் நூற்றுக்கு 23.5 பேருக்கு எலும்பு நலிவு முற்றியிருந்தது. மேலும் 38 பேருக்கு அது தொடங்கியிருந்தது. 14 பேரின் முள்ளந்தண்டில் முறிவு காணப்பட்டது. இவர்கள் முதியவர்கள் அல்லர். சராசரி வயது முப்பதுக்கும் குறைவு. நோய் முற்றிய எழுபது பேரை ஆராய்ந்து 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, விலா எலும்பு முறிவு பொதுமக்களிடம் எதிர்பார்க்கத்தக்கதைவிடப் பத்து மடங்கும், முள்ளந்தண்டு நசிவு நூறு மடங்கும் இருப்பதைக் கண்டது. இங்கே முறிவு என்பது மரத்திலிருந்து விழுந்தவனின் முறிவு போன்றதன்று. இருமலின் உலுக்கலிலேயே விலா முறியக்கூடும். விலா முறிந்தவர் வலிக்குப் பயந்து இருமலை அடக்குவார். இருமாவிட்டால் சளி வெளியேறாது. சளி தேங்கினால் கிருமி பெருகும். கிருமி பெருகினால் அழற்சி மிகும். அழற்சி மீண்டும் எலும்பைக் கரைக்கும். முள்ளந்தண்டு நசிந்து முதுகு கூனினால் சுவாசப்பைக்கு விரிய இடமே இராது. எலும்பு மிக நலிந்திருப்பது, வேறு வழியெல்லாம் அடைபட்ட பின் எஞ்சும் சுவாசப்பை மாற்றுச் சத்திரசிகிச்சைக்கும் தடையாகலாம்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று உண்மையை வாசகர் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். 1938இல் இந்நோயுடைய குழந்தைகளிற் பெரும்பாலோர் முதலாவது பிறந்தநாளையே காணவில்லை. 1950களில் அவர்கள் பாடசாலைக்குப் போகும் வயதை எட்டுவதே அருமையாயிருந்தது. அக்காலத்தில் எலும்பைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலைப்படும் அளவுக்கு அவர்கள் வாழவில்லை. நொதியம், நுண்ணுயிர்க்கொல்லி, நல்லுணவு, நெஞ்சைத் தட்டிச் சளி நீக்கும் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது ஆயுள் நீண்டது. செல்வ நாடுகளில் அண்மையிற் பிறந்த நோயாளருக்கு எதிர்பார்க்கப்படும் நடு ஆயுள் இன்று 60 ஆண்டைக் கடந்துள்ளது. ஆயுள் நீண்ட பிறகுதான் எலும்பின் குரல் கேட்டது. 2005இல் அமெரிக்காவிலும் 2011இல் ஐரோப்பாவிலும் எலும்பைக் காக்கும் வழிகாட்டிகள் எழுதப்பட்டன. ஆகவே எலும்பின் நலிவு, வாழவிடப்பட்டோரின் நோய். எந்த நாட்டில் சிஸ்டிக் பைப்ரோசிஸ் நோயாளரின் எலும்பு முறிவைப் பற்றி வைத்தியர்கள் விவாதிக்கிறார்களோ, அந்த நாட்டில் அந்நோயாளர் இளைஞராகும்வரை வாழ்கிறார்கள் என்பது பொருள். எந்த நாட்டில் அப்பேச்சே எழவில்லையோ, அங்கே இரண்டில் ஒன்று உண்மையாக வேண்டும்: ஒன்றில் அந்நோய் அங்கு இல்லை, அல்லது அந்நோயுடைய பிள்ளைகள் பெயரிடப்படாமலே இறந்துகொண்டிருக்கிறார்கள்.

தெற்காசியாவில் நெடுங்காலம் முதலாவது விடையே சொல்லப்பட்டது. இது வெள்ளையரின் நோய் என்று பாடநூல்கள் கூறின, பாடநூலைப் படித்த வைத்தியர் அதைத் தேடவில்லை, தேடாததால் காணவில்லை, காணாததால் பாடநூலின் கூற்று மெய்யாயிற்று. குடியேற்ற ஆட்சிக்கால அறிவு நமக்கு விட்டுச்சென்ற வட்டங்களில் இதுவுமொன்று. உண்மையில் 1968ஆம் ஆண்டிலேயே இந்திய மருத்துவ ஏடுகளில் இந்நோயுடைய இந்தியப் பிள்ளைகள் விவரிக்கப்பட்டுவிட்டனர். ஐரோப்பியரிடையே சுமார் 2,500 முதல் 3,500 பிறப்புக்கு ஒன்று என்று காணப்படும் இந்நோய், பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய தெற்காசியரிடையே 10,000க்கு ஒன்று முதல் 40,000க்கு ஒன்றுவரை இருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. இக்கணிப்பு இலங்கைக்கும் பொருந்துமானால், ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கும் இந்நாட்டில், ஒவ்வோர் ஆண்டும் ஐந்து முதல் இருபது குழந்தைகள் இந்நோயோடு பிறக்க வேண்டும். அவர்கள் எங்கே போகிறார்கள்? சயரோகம் என்றும், ஆஸ்துமா என்றும், திரும்பத் திரும்ப வரும் நியுமோனியா என்றும், போசாக்கின்மை என்றும் வேறு பெயர்களுக்குள் மறைந்துபோகிறார்கள். தெற்காசியா எங்கும் இந்தத் தவறான பெயரிடுதல் நிகழ்வதாக மருத்துவ எழுத்துக்கள் சான்று பகர்கின்றன.

மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில்வரை நீளும் கடற்கரையை எண்ணிப் பார்ப்போம். குளிர்நாடுகளில் பிள்ளையை முத்தமிட்ட தாய்க்கு உதட்டில் உப்புக் கரித்தால் அது ஓர் எச்சரிக்கை. இங்கோ கடற்காற்று எல்லார் மேனியிலும் உப்பைப் பூசிவிடுகிறது. வெயில் எல்லாரையும் வியர்க்க வைக்கிறது. அடையாளம் ஊரின் இயல்புக்குள் ஒளிந்துகொள்கிறது. அதே வெயில் அந்நோயுடைய பிள்ளைக்குப் பன்மடங்கு கொடியது. வியர்வையோடு உப்பு வடிந்துபோய், வயிற்றோட்டமோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமலே பிள்ளை துவண்டு விழக்கூடும். இந்தியாவில் இந்நோய் இவ்விதம் உப்பிழந்த நிலையிலும் வெளிப்படுகிறது என்பதை அங்குள்ள குழந்தை வைத்தியர்கள் எடுத்துக்காட்டியிருக்கின்றனர்.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். அதை ஏளனம் செய்ய நமக்கு உரிமையில்லை. ஏனெனில் அது கொடுமனத்தோரின் வாதமன்று. "2022இல் இந்நாட்டின் வைத்தியசாலைகளில் அத்தியாவசிய மருந்துகளுக்கே தட்டுப்பாடு நேர்ந்தது. சிறுநீரக நோயும் நீரிழிவும் டெங்குவும் ஆயிரக்கணக்கானோரை வாட்டும்போது, ஆண்டுக்கு ஐந்தோ இருபதோ பிள்ளைகளின் எலும்பைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அல்லவா? பெரும்பாலோருக்குப் பெரும்பயன் என்பதே மக்கள் சார்பான அறம் அல்லவா?" இவ்வாதத்தை முற்போக்காளர் சிலரும் எழுப்பக் கேட்டிருக்கிறோம்.

முதலாவது விடை இது: கேட்கப்படும் பங்கு எவ்வளவு என்று பாராமலே அது அதிகம் என்று முடிவுகட்டுவது நேர்மையன்று. நோயைக் கண்டறிய வேண்டியது வியர்வைச் சோதனை. டில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தினர், விலையுயர்ந்த வெளிநாட்டுக் கருவிக்குக் காத்திராமல், உள்நாட்டிலேயே செய்த கருவியால் வியர்வையைச் சேகரித்து அளக்கும் முறையை ஆக்கி 2002இல் வெளியிட்டனர். எலும்பைக் காக்க முதலில் வேண்டுவன எவை? போதிய உணவு, உணவோடு நொதியம், விற்றமின் டி, கல்சியம், வெயிற்காலத்தில் மேலதிக உப்பு, சுவாசப்பைத் தொற்றுக்குக் காலந்தாழ்த்தாத சிகிச்சை, உடலின் பாரத்தை எலும்பு தாங்கும்படியான ஓட்டமும் விளையாட்டும். முள்ளோடு மென்று உண்ணும் நெத்தலியும், எருமைத் தயிரும் கிழக்குக் கரையாருக்குப் புதியன அல்ல. வயதுவந்த நோயாளர் எல்லாருக்கும் எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்க வேண்டுமென்று வழிகாட்டிகள் கூறுகின்றன; அளக்கும் கருவி எல்லா ஊரிலும் இராது; ஆனால் சில ஆண்டுகளுக்கொரு முறை ஒருவரைத் தலைநகருக்கு அனுப்பிவைக்க ஒரு நாடு வறியதாகிவிடாது. இவற்றுள் பெரும்பங்கு, வேறு நோயில்லாத வறிய பிள்ளைக்கும் வேண்டியதே. ஓர் அரிய நோயாளியின் எலும்பைக் காக்கும் ஏற்பாடு, மெலிந்த பிள்ளைகள் எல்லாரையும் ஓரளவு காக்கும் ஏற்பாடாகவே அமையும்.

இரண்டாவது விடை அடிப்படையானது. பெரும்பாலோரின் பயனைக் கூட்டிப் பார்ப்பது மட்டுமே அறமானால், சிறுபான்மை என்னும் சொல்லுக்கே பாதுகாப்பு இல்லாமற் போகும். தம் தொகை சிறிது என்பதால் தம் குரலும் சிறிதாக வேண்டும் என்ற வாதத்தை இக்கரையின் மக்கள் அரசியலில் ஏற்றுக்கொண்டதில்லை. வைத்தியத்தில் மட்டும் அதை எப்படி ஏற்பது? 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, இலங்கையில் மிகக் கூடிய உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. பல்லாயிரம் உடல்களுக்கு நடுவே தன் ஒரு பிள்ளையைத் தேடிய தாயிடம், ஒன்று தானே என்று எவரும் சொல்லவில்லை. துன்பம் கூட்டற்கணக்கில் அடங்குவதில்லை. ஒவ்வொருவரும் தம் துன்பத்தை முழுமையாகவே அனுபவிக்கிறார்கள். தொகைகள் திட்டமிடுவதற்கு உதவும். எவரைத் திட்டத்துக்கு வெளியே நிறுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தொகைகளுக்கு இல்லை.

இந்நாட்டில் 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது, எந்தப் பிள்ளையைப் படிப்பித்தால் இலாபம் என்று கேட்டு அது வகுக்கப்படவில்லை. பிள்ளை என்பதே தகுதியாயிருந்தது. இலவச வைத்தியத்தின் ஆதாரமும் அதுவே. கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் வாயிலில், உன் நோய் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டு எவரையும் உள்ளே விடுவதில்லை. வாயிலில் கேட்காத கேள்வியை ஏட்டிலும் கேட்காதிருப்பதே நாம் வேண்டுவது.

மூன்றாவது விடை விலையைப் பற்றியது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரிகாப்ட்டா என்னும் கூட்டு மருந்து, பழுதுபட்ட புரதத்தையே சீராக்கி, நோயின் போக்கைப் பெரிதும் மாற்றியிருக்கிறது. அதன் விலை அந்நாட்டில் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு மூன்று இலட்சம் டொலருக்கும் மேல். அதை ஆக்கும் செலவு எவ்வளவாகலாம் என்று ஆராய்ந்து 2022இல் வெளியான மதிப்பீடு கூறுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 5,700 டொலர். இடையிலுள்ள பெருந்தொகைக்குப் பெயர் ஆக்கவுரிமை. அம்மருந்துக்கு வழிவகுத்த ஆராய்ச்சிக்கு ஆரம்பத்தில் பொருள் கொடுத்தோருள் முக்கியமானது நோயாளரின் குடும்பங்கள் நன்கொடை திரட்டி வளர்த்த அமெரிக்க அறநிறுவனம் ஒன்று. அது 2014இல் தன் உரிமைப் பங்கை 330 கோடி டொலருக்கு விற்றது. பலரின் உழைப்பிலும் பலரின் நன்கொடையிலும் பிறந்த அறிவு சிலரின் சொத்தாகிவிட்ட பிறகு, ஏழை நாட்டைப் பார்த்து "உன் நோயாளி மிகச் செலவானவன்" என்று உலகம் சொல்கிறது. செலவாளி நோயாளி அல்லன். வேலி போட்டவனே செலவை ஆக்கினான். 2023இல் இந்தியா, தென்னாபிரிக்கா, பிரேசில், உக்ரேன் ஆகிய நாடுகளின் நோயாளரும் குடும்பத்தாரும் இந்த வேலிக்கு எதிராகச் சட்ட நடவடிக்கையில் இறங்கினர். ஆர்ஜென்டீனாவில் மாற்று மருந்து உள்நாட்டிலேயே ஆக்கப்படுகிறது.

இதிலும் ஒரு நுட்பமான அநீதி உண்டு. ஐரோப்பிய வழிவந்த நோயாளரிற் பெரும்பாலோரிடம் காணப்படும் குறிப்பிட்ட மரபணுப் பிழையை முதன்மையாகக் கருதியே அம்மருந்து ஆக்கப்பட்டது. தெற்காசிய நோயாளரிடம் அப்பிழை அவ்வளவு பரவலாக இல்லை. வேறு பிழைகள் பல உண்டு. நம் நாடுகளில் நோயாளர் தேடப்படாததால் அப்பிழைகள் பட்டியலில் முழுமையாக ஏறவில்லை. எண்ணப்படாதவனுக்கு மருந்தும் எண்ணப்படுவதில்லை.

இனி, இக்கரையின் முஸ்லிம் ஊர்களுக்கே உரிய ஒரு கேள்விக்கு வருகிறோம். அதைத் தொடாது செல்வது கோழைத்தனம். எலும்புக்கு விற்றமின் டி வேண்டும். அது உடலிற் சேர நொதியம் வேண்டும். உலகெங்கும் வழக்கத்திலுள்ள சதையி நொதியக் குளிகைகள் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுபவை. வேறு மூலங்களிலிருந்து நொதியம் ஆக்கும் முயற்சிகள் நடந்தும், அவை இதன் இடத்தைப் பிடிக்கவில்லை. தன் பிள்ளை ஒவ்வொரு வேளையும் உணவோடு விழுங்க வேண்டிய குளிகை எதனால் ஆனது என்று அறியும் தாயின் நெஞ்சம் என்ன பாடுபடும்?

இங்கே விசுவாசிகளுக்கு வெளியிலிருந்து உபதேசம் செய்வது நம் நோக்கமன்று. அவர்களின் சட்ட மரபுக்குள்ளேயே விடை இருக்கிறது. 'ளரூரத்' எனப்படும் நிர்ப்பந்த நிலையில், உயிரைக் காக்க வேறு வழியில்லாதபோது, விலக்கப்பட்டது அத்தேவையின் அளவுக்கு அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமியச் சட்டவியலின் பழமையான கோட்பாடு. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞான அமைப்புக் கூட்டிய மாநாட்டில் சட்டவறிஞரும் வைத்தியரும் ஒருங்கமர்ந்து, பன்றியிலிருந்து எடுத்த இன்சுலினை நீரிழிவு நோயாளர் தேவையின் நிமித்தம் பயன்படுத்தலாம் என்று கூறினர். விதிக்காக மனிதன் அழிய வேண்டியதில்லை, மனிதனின் உயிரை விதியே முன்னிறுத்துகிறது என்னும் இவ்வுணர்வுக்கும், மனிதனை முதலாக வைக்கும் நம் அறத்துக்கும் இவ்விடத்திற் பகையில்லை. ஆனால் கோட்பாடு நூலில் இருந்தால் மட்டும் போதாது. வைத்தியர் பொருளை மறைத்துக் குளிகையைக் கொடுப்பது ஒரு பிழை. தாய் ஐயத்தால் குளிகையை ஒளித்துவைத்துவிட்டுக் கொடுத்ததாகச் சொல்ல நேர்வது மற்றொரு பிழை. உண்மையை உள்ளபடி சொல்வதும், ஊரின் ஆலிம்களும் வைத்தியரும் முன்கூட்டியே கலந்து பேசித் தீர்ப்பை வெளிப்படையாக அறிவிப்பதுமே நேர்வழி. இவ்வளவு பெரிய முடிவை ஒரு தாய் தனியே இருட்டில் எடுக்க விடுவது சமூகத்தின் கடமை தவறுதல்.

தாயைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இக்கரையின் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் குடி என்பது தாய்வழியாக வருவது. தாயின் குடியே பிள்ளையின் குடி. இந்நோய் அவ்வாறு வருவதில்லை. பழுதுபட்ட மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டும் கூடினாலன்றி நோய் தோன்றாது. ஒன்று மட்டும் உடையோர் நோயின்றி அதைத் தாங்கி நடப்பர். தாம் தாங்குவதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மாமன் மகள், மாமி மகன் என்று நெருங்கிய உறவில் மணப்பது நம் நாட்டின் பல சமூகங்களிலும் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கம் இவ்வகை நோய்களின் வாய்ப்பைக் கூட்டும் என்பது விஞ்ஞானம். அதை மணப்பேச்சுக்கு முன்னரே அமைதியாக எடுத்துச் சொல்வது கல்வியின் கடமை. பிள்ளை பிறந்த பின் தாயின் தலையில் பழியைப் போடுவதற்கோ, மணமுறிவுக்குக் காரணம் காட்டுவதற்கோ அதை எடுத்தாள்வது விஞ்ஞானத்தின் பெயரால் செய்யும் அநியாயம்.

நம் வாசகரிற் பலர் ஆசிரியர், பலர் மாணவர். அவர்களின் கையில் ஒரு வைத்தியசாலைக்கும் இல்லாத ஒன்று இருக்கிறது. எலும்பு கட்டப்படும் ஆண்டுகள் பாடசாலை ஆண்டுகள். இளைத்த பிள்ளை, இருமும் பிள்ளை என்றால், "நீ நிழலில் இரு" என்று அன்போடு சொல்லி விளையாட்டிலிருந்து விலக்குவது நம் பாடசாலைகளின் வழக்கம். அந்த அன்பு எலும்பை மெலியச் செய்கிறது. வைத்தியரின் ஆலோசனையோடு, உப்பும் நீரும் அருகில் வைத்து, மூச்சு வாங்கும்போது நிறுத்தி, அப்பிள்ளையையும் ஓடவிடுவதே உண்மையான பரிவு. பூப்பெய்திய பெண்பிள்ளைகளை விளையாட்டு முற்றத்திலிருந்து நீக்கிவிடும் வழக்கமும் இக்கணக்கிற் சேரும். உடல் தன் எலும்புக் களஞ்சியத்தை நிரப்பும் அதே ஆண்டுகளில் நாம் வெயிலையும் ஓட்டத்தையும் அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறோம். நோயில்லாத பெண்ணுக்கே அது நட்டம். நோயுடையவளுக்கு அது இரட்டைத் தண்டனை.

ஆசிரியர் வைத்தியராக வேண்டியதில்லை. ஆனால் நன்றாக உண்டும் தேறாத பிள்ளை, மாதக்கணக்கில் இருமும் பிள்ளை, வெயிலில் மற்றவரைவிட விரைவிற் துவளும் பிள்ளை என்று ஒருவரை வகுப்பில் கண்டால், வறுமை என்றும் சோம்பல் என்றும் முடிவுகட்டாமல், "இப்பிள்ளையின் வியர்வையைச் சோதித்தார்களா?" என்று பெற்றோர் மூலம் வைத்தியரைக் கேட்கச் செய்யலாம். பலருக்கு விடை வேறு நோயாகவே இருக்கும், அதிலும் நட்டமில்லை. சிலருக்கு அக்கேள்வியே பெயரற்ற இருளிலிருந்து வெளிவரும் வாயிலாகும்.

அரிய நோயாளர் தம் பங்கைக் கேட்பது நியாயமா என்று தொடங்கினோம். அவர்கள் கேட்பதற்கு முன்னரே நாம் கொடுக்கத் தவறிய பங்குகள் இருக்கின்றன: நோய்க்கு அதன் சரியான பெயர், தாய்க்குப் பழியின்மை, குளிகையைப் பற்றிய உண்மை, முற்றத்தில் ஓர் இடம். இவற்றுள் ஒன்றுக்கும் வெளிநாட்டுச் செலாவணி வேண்டியதில்லை. இவற்றைக் கொடுத்துவிட்டு, மருந்தின் விலையைக் குறைக்கும் போராட்டத்தில் உலகின் பிற நாட்டு நோயாளரோடு நம் குரலையும் சேர்ப்போம். அதன் பிறகும் பற்றாக்குறை எஞ்சுமானால், அப்போது பங்கீட்டைப் பற்றி நேர்மையாக விவாதிக்கலாம். கல்முனையிலோ பொத்துவிலிலோ இந்நோயோடு பிறக்கும் பிள்ளை இருபது வயதை எட்டி, தன் எலும்பின் வலிமையைப் பற்றி வைத்தியரோடு கவலைப்பட்டுப் பேசும் நாள் வருமானால், அக்கவலையை நாம் ஒரு வெற்றியாகவே கொள்வோம்.